ஒரே பெயரில் இரண்டு வி.ஐ.: லேப்வியூ ப்ராஜெக்டில் மஞ்சள் முக்கோணத்தை நீக்கிய வழி

ஓசூர் சிப்காட் பக்கம் டெஸ்ட் பெஞ்ச் (பொருட்களைச் சோதித்துப் பார்க்கும் மேடை) வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஒரு பெஞ்சுக்கு லேப்வியூவில் (படம் வரைவதுபோல் புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேர்) எழுதிய ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்துப்போய், அடுத்த பெஞ்சின் சென்சாருக்கு ஏற்ப நாலைந்து வி.ஐ.களை, அதாவது லேப்வியூ புரோகிராம் ஃபைல்களை, திருத்தி ஓட்டிவிடுவோம். இரண்டும் தனித்தனிக் கம்ப்யூட்டரில் இருக்கும்வரை வில்லங்கம் இல்லை. இரண்டு பெஞ்சையும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே ப்ராஜெக்டில் சேர்க்கச் சொன்னால்தான் பெயர் மோதலைக் காட்டும் மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக முளைக்கும். அப்படிச் சேர்த்த ஒரு வேலையில் என்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம் என்பதை எழுதுகிறோம்.

காரணத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மெமரியில் ஏறிய வி.ஐ.யை லேப்வியூ பெயரை வைத்தே அடையாளம் காண்கிறது. அது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்பதை வைத்து அல்ல. ‘ரீட் பிரஷர்’ என்ற சப் வி.ஐ. (இன்னொரு வி.ஐ. கூப்பிடும் வி.ஐ.) ஏற்கெனவே மெமரியில் இருந்தால், அதே பெயரைத் தேடி வரும் அடுத்த காலருக்கும், அதாவது கூப்பிடும் வி.ஐ.க்கும், அதையே கொடுத்துவிடும். இரண்டின் கனெக்டர் பேன் (உள்ளே போகும், வெளியே வரும் இணைப்புகளின் அமைப்பு) வேறாக இருந்தால், ஓட்டுவதற்கு அழுத்தும் ரன் அம்பு உடைந்து காட்டிக்கொடுக்கும். காப்பி அடித்த வி.ஐ.களில் கனெக்டர் பேன் ஒன்றாகத்தானே இருக்கும்? அம்பு உடையாது, புரோகிராம் ஓடும், கணக்கு மட்டும் தப்பாக வரும்.

எங்கள் வேலையில் ஒன்றாம் பெஞ்சில் 0–10 பார் அழுத்த சென்சார், இரண்டாம் பெஞ்சில் 0–16 பார். இரண்டுமே அழுத்தத்தை 4–20 மில்லிஆம்ப் மின்னோட்டமாகத் தருபவை. முதலாவதில் ஒரு மில்லிஆம்புக்கு 0.625 பார், இரண்டாவதில் சரியாக 1 பார். 12 மில்லிஆம்ப் வந்தால் ஒன்று 5 பார் என்று சொல்ல வேண்டும், மற்றது 8 பார். சப் வி.ஐ. மாறி ஏறினால் 8 பார் உள்ள இடத்தில் திரையில் 5 தெரியும். எந்த எரரும் வராது. உடைந்த அம்பைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

ஆகவே முதல் வேலை, எதையும் சேவ் செய்யாமல் இருப்பது. ஒரு வி.ஐ.யை எதிர்பார்த்த இடத்திலிருந்து எடுக்காமல் வேறு இடத்திலிருந்து எடுத்தால், லேப்வியூ லோடு ஆகும்போதே வார்னிங் காட்டும். அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வது பலருக்கும் பழக்கம். பிறகு ப்ராஜெக்டை மூடும்போது ‘சேவ் செய்யட்டுமா’ என்று கேட்கும். அங்கே சேவ் கொடுத்தால் தப்பான பாதை காலர் ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு வார்னிங்கும் வராது. சிக்கல் முழுதாகப் புரியும்வரை ‘டோன்ட் சேவ்’ தான்.

பேக்கப் எடுக்காமல் கை வைக்கக் கூடாது. ஆனால் அதை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ‘பழசு’ என்று ஒரு சப்ஃபோல்டராகப் போட்டுவிடாதீர்கள். காணாமல் போன வி.ஐ.யை லேப்வியூ தேடும்போது டாப் லெவல் வி.ஐ. (மேலே இருந்து மற்ற எல்லாவற்றையும் கூப்பிடுவது) இருக்கும் ஃபோல்டரையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் துழாவும். பழசு ஃபோல்டரில் இருக்கும் அதே பெயர் கையில் சிக்கினால் அதை எடுத்துக்கொள்ளும். பேக்கப்பை ஜிப் செய்து வேறு டிரைவில் வையுங்கள்.

அடுத்தது கண்டுபிடிப்பது. ப்ராஜெக்ட் மெனுவில் ‘ஷோ ஐட்டம் பாத்ஸ்’ போட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் எதிரே அதன் பாதை தெரியும். மஞ்சள் முக்கோணம் உள்ளதை ரைட் கிளிக் செய்து ‘ரிசால்வ் கான்ஃப்ளிக்ட்ஸ்’ திறந்தால் ஒரே பெயருக்கு எத்தனை பாதை இருக்கிறது என்று காட்டும். நம் வி.ஐ.கள் கூப்பிடும் மற்ற ஃபைல்களைக் காட்டும் ‘டிபென்டன்சீஸ்’ பகுதியையும் விடாமல் பாருங்கள். நாம் சேர்க்காத ஃபைல் நுழைந்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்பதற்கு வியூ மெனுவில் ‘பிரவுஸ் ரிலேஷன்ஷிப்ஸ்’, அதில் ‘திஸ் வி.ஐ.ஸ் காலர்ஸ்’. திறந்திருக்கும் வி.ஐ.யின் பாதைக்குக் கன்ட்ரோல்+ஐ போதும். பெயர், இரண்டு பாதை, காலர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். இந்தத் தாள் இல்லாமல் பத்து முக்கோணத்தைத் தாண்டுவது கஷ்டம்.

இனி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே கேள்வி: உள்ளே இருப்பது உண்மையிலேயே வேறா? இதைப் பார்க்க இரண்டு ஃபோல்டரையும் தனித்தனி ப்ராஜெக்டாகத் திறந்தோம். ஒவ்வொரு ப்ராஜெக்டும் தனி அப்ளிகேஷன் இன்ஸ்டன்ஸ், அதாவது மெமரியில் தனி இடம், என்பதால் ஒரே பெயருள்ள இரண்டு வி.ஐ.களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புரொஃபஷனல் எடிஷன் இருந்தால் ‘கம்பேர்’ வசதி வித்தியாசத்தைக் காட்டிவிடும். இல்லாவிட்டால் பிளாக் டயகிராமை (வி.ஐ.யின் புரோகிராம் படம்) கண்ணால்தான் ஒப்பிட வேண்டும். வித்தியாசமே இல்லாதவற்றுக்கு ஒரு பிரதியைப் பொது ஃபோல்டரில் வைத்து, மற்றதை ரைட் கிளிக் செய்து ‘ரிப்ளேஸ் வித் ஐட்டம் ஃபவுண்ட் பை டிபென்டன்சீஸ்’ மூலம் மாற்றினோம். இப்படியே பாதி முக்கோணங்கள் போய்விடும்.

வேறாக இருப்பவற்றுக்குப் பெயர் மாற்ற வேண்டும். அந்த பெஞ்சை மட்டும் அதன் சொந்த ப்ராஜெக்டில், டாப் லெவல் வி.ஐ.யைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். அப்போதுதான் எல்லா காலரும் மெமரியில் இருக்கும், ரீநேம் கொடுத்ததும் அவையும் புதுப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். உடனே ‘சேவ் ஆல்’. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பெயரை மாற்றினால் காலருக்குத் தகவல் போகாது; அது பழைய பெயரைத் தேடிப் போய், பக்கத்து பெஞ்சின் ஃபைலோடு ஒட்டிக்கொள்ளும். தீர்க்க வந்த சிக்கலை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

ரீநேமுக்கு எட்டாத ஒரு வகை உண்டு. ‘ஓப்பன் வி.ஐ. ரெஃபரன்ஸ்’ மூலம் பாதையை எழுத்தாகக் கொடுத்துக் கூப்பிடும் வி.ஐ.கள் காலர் பட்டியலில் வராது. பெயரை மாற்றிய பிறகு ஓடும்போதுதான் எரர் 7, அதாவது ஃபைல் இல்லை என்று சொல்லும். பழைய பெயரை டெக்ஸ்டாகத் தேடி, அந்தக் கான்ஸ்டன்ட்களைக் கையால் மாற்றினோம்.

நாற்பது ஐம்பது வி.ஐ.களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றுவதைவிட பெஞ்சுக்கு ஒரு லைப்ரரி, அதாவது எல்விலிப் ஃபைல், போடுவது மேல். சேர்த்ததும் வி.ஐ.யின் முழுப்பெயர் லைப்ரரிப் பெயரோடு சேர்ந்துவிடும். ‘பெஞ்ச்1:ரீட் பிரஷர்’, ‘பெஞ்ச்2:ரீட் பிரஷர்’ இரண்டும் ஒரே நேரத்தில் மெமரியில் இருக்கலாம். இதற்கும் காலர்கள் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது பெஞ்சுக்கு அந்த ஃபோல்டரைக் காப்பி செய்தால் லைப்ரரிப் பெயரை மாற்ற மறக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு லைப்ரரி இருந்தால் அதே மோதல் திரும்பி வரும்.

தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்வியூ இன்னும் முழுமையாக யூனிகோடுக்கு வரவில்லை. ‘அழுத்தம்’ என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் அது கேள்விக்குறிகளாகிவிடும், உள்ளே இருப்பது திறக்காது. பாதை முழுவதும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும் என்று வருத்தத்தோடுதான் சொல்கிறோம்.

முக்கோணம் ஒன்றுகூட இல்லை என்றான பிறகே, எல்லா வி.ஐ.களையும் ஒரேயடியாகக் கம்பைல் செய்யும் மாஸ் கம்பைல். அது ஒவ்வொரு ஃபைலையும் திறந்து சேவ் செய்துகொண்டே போகும், மோதல் இருக்கும்போது ஓட்டினால் தப்பான இணைப்புகள் நிலைத்துவிடும். தனியாக ஓடும் புரோகிராமாக மாற்றும் இ.எக்ஸ்.இ. பில்டில் ‘யூஸ் லேப்வியூ 8.எக்ஸ் ஃபைல் லேஅவுட்’ டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஃபோல்டர் அமைப்பைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டும்.

கடைசியாகச் சோதனை. சந்தேகமுள்ள சப் வி.ஐ.க்குள் ‘கரன்ட் வி.ஐ.ஸ் பாத்’ வைத்து அதை லாகில் எழுதவைத்தோம், எந்தப் பிரதி ஓடுகிறது என்று நேராகத் தெரிந்துவிடும். பிறகு சென்சாருக்குப் பதில் நாம் சொல்லும் மின்னோட்டத்தைத் தரும் மில்லிஆம்ப் கேலிபரேட்டரை மாட்டி 4, 12, 20 கொடுத்தோம். ஒன்றாம் பெஞ்சில் 0, 5, 10. இரண்டாம் பெஞ்சில் 0, 8, 16 வர வேண்டும். வழக்கமாக எல்லோரும் செய்யும் ஜீரோ செக் இங்கே உதவாது, 4 மில்லிஆம்புக்கு இரண்டு வி.ஐ.யுமே 0 என்றுதான் சொல்லும். 12-ல் 5-ம் 8-ம் தனித்தனியாக வந்த பிறகு, பில்டு செய்த இ.எக்ஸ்.இ.யிலும் அதே மூன்று புள்ளிகளை இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகே லைனில் பீஸ் ஏற்றினோம்.