டோசன் கோபுரமும் டிவைன்ஸ் மேடும்

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதும் எங்கள் வகுப்புப் பெடியள் எல்லாரும் பிக் மட்ச் கிரிக்கெட்டையும் விடுதிப் பருப்பையும் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு கல்.

சென்ற ஈஸ்டர் விடுமுறையில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேராக வைஸ்மன்ஸ் ஃபெரிக்குப் போனோம். சிட்னியில் இருந்து வடக்கே ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அங்கே ஹோக்ஸ்பரி ஆற்றுக்குப் பாலம் இல்லை. கம்பியில் ஓடும் மிதவை ஒன்று காரோடு ஏற்றி அக்கரையில் இறக்கிவிடுகிறது, காசும் வாங்குவதில்லை. “இது எங்கட காரைநகர்ப் பாதையல்லோ!” என்றாள் மனைவி. தண்ணீரில் மிதப்பதை ஏன் பாதை என்கிறோம் என்று பேத்தி கேட்டாள். காரைநகரில் இருந்து ஊர்காவற்றுறைக்கு இந்த மாதிரி மிதவையில் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சமாளித்தேன். இந்தத் துறையை 1827இல் தொடங்கிய சொலமன் வைஸ்மனே மரம் திருடி நாடு கடத்தப்பட்டு வந்தவன்தான். பிறகு பெரும் பணக்காரனாகிவிட்டான். அவன் கட்டிய மாளிகை இன்று ஊர்த் தவறணை.

அக்கரையில் கேற்றைத் தாண்டியதும் பழைய வடபெருவீதி. சிட்னியையும் ஹன்டர் பள்ளத்தாக்கையும் இணைக்க 1826 முதல் 1836 வரை கைதிகளைக் கொண்டு போட்டது. ஒரு கட்டத்தில் 700 பேர் வரை வேலை செய்தார்களாம், அதில் ஒரு பகுதியினர் காலில் விலங்கோடு. டிவைன்ஸ் மேட்டில் ஏறும் 1.8 கிலோமீற்றர் துண்டில் இப்போது வாகனம் விடுவதில்லை. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

ஏற்றம் மூச்சு வாங்க வைத்தது. பள்ளத்துப் பக்கம் சாந்தே இல்லாமல் அடுக்கிய கல்மதில் ஆளுயரத்தைப் போல் பல மடங்கு எழும்பி நிற்கிறது. மலைப்பக்கம் வெட்டிய பாறை. அதில் நெட்டுக்குத்தாக, குழாயைப் பாதியாகப் பிளந்து பதித்தது போலச் சில தவாளிப்புகள். பேத்தி ஒன்றுக்குள் விரலை விட்டு மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனாள். “அப்பப்பா, இது ஆர் செய்தது?”

ஒருவர் இரும்புக் கம்பியைப் பிடிக்க, மற்றவர் சம்மட்டியால் அடிக்க, ஒவ்வோர் அடிக்கும் கம்பியைச் சற்றுத் திருப்பித் திருப்பி இறக்கிய துளை அது. வெடிமருந்தை அடைத்துக் கொளுத்தினால் பாறை பிளக்கும், துளையில் பாதி இப்படி நின்றுவிடும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எங்கள் சரித்திர சேரின் குரல் கேட்டது.

1974இல் கண்டி பார்த்துவிட்டுக் கொழும்புக்கு இறங்கும்போது சேர் கடுகண்ணாவையில் பஸ்ஸை நிறுத்தினார். டோசன் கோபுரத்தடியில் நிற்க வைத்து, “இந்த றோட்டை ஆர் போட்டது?” என்றார். “கப்டன் டோசன், சேர்!” என்று கத்தினோம். அந்த வெள்ளைக்கார எஞ்சினியரின் நினைவுக் கோபுரம்தானே அது, அதிலேயே எழுதியிருக்கிறதே. பிறகு, பாறையைக் குடைந்து வழி விட்ட இடத்துக்குக் கூட்டிப்போய், “இதையும் டோசனோ உடைச்சவர்?” என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இராசகாரியம் என்று ஊர்ச் சனத்தைப் பிடித்துவந்து கூலியில்லாமல் வேலை வாங்கிய கதையை அங்கேயே அரை மணி நேரம் சொன்னார். எங்களுக்குப் பசி. அவ்வளவுதான் அன்று விளங்கியது.

இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்து வீதிகள் என்பது இந்த மேட்டில்தான் எனக்கு உறைத்தது. டோசன் இறந்தது 1829இல், கோபுரம் எழுந்தது 1832இல். அதே வருடங்களில்தான் இங்கே இந்தத் துளைகளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேட்டின் தலைப்பில் இருந்து பிட்டும் சம்பலும் சாப்பிட்டோம். அப்புறம்தான் வில்லங்கம். எட்டுப் பேருக்கு மூன்று போத்தல் தண்ணீர், அதுவும் என் பொறுப்பில். வழியில் பைப் கிடையாது. மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. இந்த வீதி கைவிடப்பட்டதற்கே தண்ணீரும் மாட்டுக்குத் தீனியும் கிடைக்காததுதான் ஒரு காரணம் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

சேர் அன்று கோபுரத்தடியில் எங்களை நிறுத்தி எடுப்பித்த படம் என்னிடமும் ஒன்று இருந்தது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. பேத்தி அதைப் பார்க்கவேண்டும் என்கிறாள். நம்மவர் யாரிடமாவது இருந்தால் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் நான்.