ஒரு சந்தேகம், மூன்று ஆங்கிலச் சொற்கள்

வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. ஒருநாள் மென்பொருள் திடீரென்று நின்றுபோனது, எல்லோரும் அவசரமாக அழைப்பில் கூடினோம். டேட்டாபேஸில்தான் கோளாறு என்று எனக்குப் பட்டது. "ஐ டவுட் த டேட்டாபேஸ் இஸ் டவுன்" என்றேன். "ஓகே" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேறு இடங்களில் தேடத் தொடங்கினார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், நின்றுபோயிருந்தது டேட்டாபேஸ்தான். "நான் முதலிலேயே சொன்னேனே" என்றேன். "அது நின்றிருக்காது என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டார் குழுத் தலைவர். அவர் கேட்டதில் தவறே இல்லை. என் வாயிலிருந்து வந்த வாக்கியத்தின் பொருள் அதுதான்.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தமிழில் 'சந்தேகம்' என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. 'அவன் வருவது சந்தேகம்தான்' என்றால் வரமாட்டான் என்ற பக்கம் சாய்கிறோம். 'அவன்தான் எடுத்திருப்பானோ என்று சந்தேகமாக இருக்கிறது' என்றால் எடுத்திருப்பான் என்ற பக்கம் சாய்கிறோம். 'ஐயா, ஒரு சந்தேகம்' என்றால் வெறும் கேள்வி. ஆங்கிலத்தில் முதலாவது 'டவுட்', இரண்டாவது 'சஸ்பெக்ட்', மூன்றாவது 'கொஸ்டின்'. முதல் இரண்டும் நேர் எதிர்த் திசைகள். நான் 'சஸ்பெக்ட்' சொல்ல வேண்டிய இடத்தில் 'டவுட்' சொன்னதால், என் கணிப்பே தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். 'ஐ டவுட்' என்று நாக்கில் வரும்போது அந்த இடத்தில் மனதுக்குள் 'ஐ டோன்ட் திங்க்' என்று போட்டுப் பார்ப்பேன். நான் நினைப்பது அதுதான் என்றால் சரி. இல்லையென்றால் 'ஐ சஸ்பெக்ட்', அல்லது இன்னும் எளிதாக 'ஐ திங்க்'. இது கைவர எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது.

மூன்றாவது பொருள்தான் மின்னஞ்சலில் அதிகம் தொல்லை தந்தது. சக ஊழியர் ஒருவருக்கு 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்' என்று எழுதினேன். ஓர் இடம் புரியவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். அவரோ, தன் வடிவமைப்பு ஏன் சரியானது என்று நாலு பத்தி விளக்கம் எழுதியிருந்தார். வகுப்பில் 'ஒரு டவுட்' என்று கை தூக்கி வளர்ந்த நமக்கு அது வெறும் கேள்வி. அவர் காதுக்கோ, 'உங்கள் வேலைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்பதுபோல் விழுந்திருக்கிறது. 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்றிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

உறுதி எவ்வளவு என்று காட்டும் சொற்களைத் தமிழ் வழியாகவே பிடித்துக்கொண்டேன். 'வந்துவிடுவார், பெரும்பாலும்' என்பது 'ப்ராபப்ளி'. 'வந்தாலும் வருவார்' என்பது 'மைட்'. ஒருவர் 'ஐயாம் நாட் ஷூர் தட்ஸ் ரைட்' என்று சொன்னால், தனக்குத் தெரியாது என்று அவர் சொல்வதாக வெகுநாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது 'நீங்கள் சொல்வது தவறு' என்பதன் மென்மையான வடிவம்.

இனி, கேட்கும் விதம். நம் மொழியில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. 'அனுப்பு' என்பதற்கும் 'அனுப்புங்கள்' என்பதற்கும் உள்ள தூரத்தை அந்த 'ங்கள்' பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'சென்ட்' ஒன்றுதான், 'யூ'வும் ஒன்றுதான். ஒரு காலத்தில் அங்கும் 'தவ்' என்று நம் 'நீ'யைப் போல ஒரு சொல் இருந்தது. பன்மையாகவும் மரியாதையாகவும் வந்த 'யூ', 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சில் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. அதனால் மரியாதையை வாக்கியத்தின் அமைப்புதான் சுமக்க வேண்டும். 'ப்ளீஸ் சென்ட் மீ த ஃபைல்' என்று எழுதிவிட்டுப் பணிவாகக் கேட்டதாக நினைத்திருந்தேன். ப்ளீஸ் சேர்த்தாலும் அது கட்டளைதான். 'குட் யூ சென்ட் மீ த ஃபைல்?' என்று கேள்வியாக்கும்போதுதான் மறுக்கவும் எதிராளிக்கு இடம் கிடைக்கிறது.

'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப்' என்பது ஆரம்பத்தில் விசித்திரமாக இருந்தது. இப்போது கேட்கும் உதவிக்கு எதற்கு இறந்தகாலம்? பிறகுதான் நாமும் அதையே செய்கிறோம் என்று உறைத்தது. 'ஒரு உதவி வேண்டியிருந்தது', 'உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்கிறோமே! காலத்தைச் சற்றுப் பின்னால் தள்ளினால் கேட்பதன் அழுத்தம் குறைகிறது. இது தெரிந்த நாளிலிருந்து அந்த வாக்கியம் எனக்கு அந்நியமாக இல்லை.

எல்லாவற்றுக்கும் இவ்வளவு வளைந்து கேட்கவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் பேனா வாங்க 'கேன் ஐ பாரோ யுவர் பென்?' போதும். தெரிந்தவரிடம் நீளமாகச் சுற்றினால் ஏதோ கோபம் போல் தோன்றும்.

நான் அதிகம் தடுமாறியது 'வுட் யூ மைண்ட்' விஷயத்தில். 'வுட் யூ மைண்ட் ஷேரிங் யுவர் ஸ்கிரீன்?' என்று ஒருமுறை கேட்டார்கள். உற்சாகமாக 'யெஸ், யெஸ்' என்றேன். அழைப்பில் சட்டென்று அமைதி. 'உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்பதுதான் கேள்வி. நான் 'உண்டு, உண்டு' என்று சொல்லியிருக்கிறேன். சம்மதம் என்றால் 'நோ, நாட் அட் ஆல்' என்று சொல்ல வேண்டும். தமிழில் 'சிரமம் இல்லையே?' என்று கேட்டால் 'அதெல்லாம் ஒன்றும் இல்லை' என்போமே, அந்த 'இல்லை'தான் இது.

போன வாரம், ஆரம்பத்தில் நாலு பத்தி எழுதிய அதே ஊழியரிடம் ஒரு கோப்பு வேண்டியிருந்தது. 'வுட் யூ மைண்ட் சென்டிங் மீ த லேட்டஸ்ட் வெர்ஷன்?' என்று எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன். 'நாட் அட் ஆல்' என்று பதில் வந்தது, கோப்பும் கூடவே வந்தது.