ஜிமேட்ல 625: திரும்ப எழுதலாமா வேணாமான்னு மண்டைய ஒடச்சுக்கிட்ட கதை

ஜிமேட்ங்கிறது எம்பிஏ சேர எழுதுற பரீட்சை, அத முடிச்ச கையோட ஸ்கோர் ஸ்க்ரீன்லயே வந்துரும். எனக்கு வந்தது 625. ஒரு 565 வந்திருந்தா யோசிக்காம அன்னிக்கே திரும்ப புக் பண்ணிருப்பேன், 685 வந்திருந்தா புக்கெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். 625 அப்படி இல்ல, விடவும் மனசு வரல, வச்சுக்கவும் மனசு வரல.

அம்மா "805க்கு 625ன்னா நல்ல மார்க்தானப்பா"ன்னாங்க. அந்த ஸ்கேலே 205ல இருந்துதான் ஆரம்பிக்குதுன்னு அவங்ககிட்ட சொல்லல. மாமா பையன் பழைய ஜிமேட் எழுதுனவன், அவன் "700 கூட வரலயாடா"ன்னு கேட்டான். அந்தப் பேட்டர்ன் 2024 ஜனவரியோட நின்னுபோச்சு, இப்போ எல்லா ஸ்கோரும் 5லதான் முடியும், பழைய 700ங்கிறது இப்போ 645 பக்கம்னு அவனுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கே டவுட் வந்துருச்சு. எப்படிப் பாத்தாலும் 625 அதுக்குக் கீழதான். நான் அப்ளை பண்ண நெனச்சது ஹைதராபாத் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்), அங்க என்ன மாதிரி ஐடி இன்ஜினியர் கூட்டம் எவ்ளோ நிக்கும்னு சொல்ல வேண்டியதில்ல.

ஆபீஸ்ல ஒரு சீனியர் அக்கா, எம்பிஏ முடிச்சவங்க, அவங்க சொன்னதுதான் உருப்படியான விஷயம். "டோட்டல விடு, செக்‌ஷன் பிரிச்சு என்ன வந்துருக்கு?" குவான்ட் (கணக்கு) 85, வெர்பல் (இங்கிலீஷ்) 82, டேட்டா இன்சைட்ஸ் (சுருக்கமா டிஐ, தகவலப் படிச்சு பதில் சொல்றது) 76. மூணுமே 60ல இருந்து 90 வரைக்கும்தான், மூணுக்கும் சமமான வெயிட்டேஜ். இதுல எதுல ஒரு பாயிண்ட் ஏறினாலும் டோட்டல்ல 6, 7 ஏறும்ங்கிறது பொதுவா எல்லாரும் போடுற கணக்கு. அப்போ 85ல இருக்கிற குவான்ட்ட 88 ஆக்க உயிர விடுறதுக்குப் பதிலா 76ல கெடக்குற டிஐய 80க்குத் தூக்குறது எவ்வளவோ ஈசி. டிஐல 45 நிமிஷத்துக்கு 20 கேள்வி, டேபிள், கிராஃப், மூணு டேப்ல பரப்பி வச்ச மெயில், அதுலயும் ஒரே கேள்விக்குள்ள மூணு ஆமா இல்ல இருக்கும், மூணும் சரியா இருந்தாத்தான் மார்க், ரெண்டு சரியா போட்டாலும் ஒண்ணும் கெடையாது. இங்க பாடம் தெரியுறதவிட எதத் தொடாம தாண்டிப் போறோம்ங்கிறதுதான் ஸ்கோர்.

அடுத்து அக்கா கேட்டது மாக் டெஸ்ட், அதாவது மாதிரிப் பரீட்சை ஸ்கோர். அஃபிஷியல் மாக்ல எனக்கு 645ல இருந்து 665 வரைக்கும் வந்துருக்கு. மாக்லயே 625தான் வந்துட்டு இருந்துச்சுன்னா அதுதான் உன் லெவல், மூணு மாசம் படிக்காம திரும்பப் போறது காச ஆத்துல போடுறதுன்னாங்க. மாக்ல அதிகமா வந்து பரீட்சைல மட்டும் எறங்குனா அந்தக் கத வேற, திரும்ப எழுதிப் பாக்கலாம்.

இன்னொரு பக்கம் பாத்தா ஃபீஸ் திரும்பவும் இருபதாயிரத்துக்கு மேல, காலேஜ் அப்ளிகேஷனோட மொத ரவுண்டுக்குக் கடைசி தேதி செப்டம்பர்ல, அதுக்கு வேண்டிய எஸ்ஸே ஒரு வரி எழுதல. ரூல்படி 16 நாள் கேப் விட்டா போதும், வருஷத்துக்கு 5 தடவ எழுதலாம், ஆனா 16 நாள்ல என்னத்தக் கிழிக்கிறது! பயம் போனது ஒரு விஷயத்துலதான், இப்போ நாம எந்த ஸ்கோர அனுப்புறோமோ அத மட்டும்தான் காலேஜ் பாக்கும். கம்மியா வந்தா அனுப்பாம விட்டுரலாம், 625 எங்கயும் போகாது. இது தெரியாமலே நெறைய பேரு ரெண்டாவது அட்டெம்ப்ட்டுக்குப் பயப்படுறாங்க.

அதனால ஆகஸ்ட் கடைசில ஸ்லாட் போட்டேன், ஒரே கண்டிஷன், அதுக்கு முன்னாடி எடுக்குற மாக்ல டிஐ 80 தொடலன்னா கேன்சல் பண்ணிட்டு 625 வச்சே அப்ளை பண்றது. தெனமும் டிஐ மட்டும், டைமர் வச்சு, குவான்ட்டும் வெர்பலும் மறக்காம இருக்க வாரக் கடைசில கொஞ்சம். செக்‌ஷன் ஆர்டர் நம்மளே எடுத்துக்கலாம்ங்கிறதால, போன தடவ கடைசியா வச்சிருந்த டிஐய இந்தத் தடவ மொதல்ல வச்சேன், தல ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே அது முடிஞ்சிரட்டும்னு. ஒவ்வொரு செக்‌ஷன் கடைசிலயும் 3 பதில மாத்தலாம்ல, அத நம்பி சந்தேகமானத மார்க் பண்ணிட்டு நகர்ந்துட்டே இருந்தேன்.

ரெண்டாவது தடவ வந்தது 655. குவான்ட் 86, வெர்பல் 81, டிஐ 81. வெர்பல் ஒண்ணு எறங்குனதுல கூட கோவம் வரல.

இப்போ ரூம்மேட் "மச்சி இன்னொண்ணு அடி, 685 வந்தா ஸ்காலர்ஷிப் கேக்கலாம்"ங்கிறான். மாக்ல 665 தாண்டுனதே இல்ல, மூணு செக்‌ஷனும் இப்போ கிட்டத்தட்ட ஒரே லெவல்ல நிக்குது, தூக்குறதுக்குன்னு தனியா எதுவும் மிச்சம் இல்ல. முடியாதுன்னுட்டேன். அஃபிஷியல் ஸ்கோர் வந்த 48 மணி நேரத்துக்குள்ள 5 காலேஜுக்கு ஃப்ரீயா அனுப்பலாம், ஐஎஸ்பிக்கும் இன்னும் ரெண்டு எடத்துக்கும் அன்னிக்கு ராத்திரியே அனுப்பிட்டு எஸ்ஸேல உக்காந்துட்டேன், மேனேஜர்கிட்ட ரெக்கமண்டேஷன் லெட்டர் கேக்குறது இதவிடப் பெரிய பாடா இருக்கு.