டொமைன் கேள்வியில் என்னைக் கரைசேர்த்தது சொற்பிரிப்பு

தேர்வு முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். செய்முறைத் தாள் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நேராகப் போலி டொமைன் கேள்விக்கு, அதாவது பிரபல நிறுவனப் பெயர்களைப் போலப் பதிவான மோசடி இணைய முகவரிகளைப் பிடிக்கச் சொல்லும் கேள்விக்கு வருகிறேன்.

எல்லோரும் லெவன்ஷ்டைன் எடிட் டிஸ்டன்ஸையே, அதாவது ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்ற தூரத்தையே உருப்போடுகிறார்கள். அது வேண்டியதுதான், ஆனால் மதிப்பெண் அங்கே இல்லை. நைக் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நாலே எழுத்து. முதல் எழுத்தை மாற்றினால் பைக், மைக், லைக் எல்லாமே தூரம் 1. சேஸ் வங்கியைத் தேடினால் பர்ச்சேஸ் என்று வரும் கடைகளெல்லாம் சிக்கும். ஐஎன்ஜி வங்கி இன்னும் மோசம்: ஷாப்பிங், வெட்டிங், ட்ரெய்னிங் என எல்லாவற்றின் வாலிலும் அந்த மூன்றெழுத்து உண்டு.

அதனால் தூரத்தை அளக்கும் முன் பெயரைச் சொற்களாகப் பிரியுங்கள். எந்தச் சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று காட்டும் சொல் அலைவெண் பட்டியலை வைத்து, எந்தப் பிரிப்புக்கு நிகழ்தகவு அதிகமோ அதை எடுங்கள். பர்ச்சேஸ் ஒரே சொல்லாக நின்றால் அதன் சந்தேக மதிப்பைக் குறையுங்கள். சேஸ் தனியாக நின்று பக்கத்தில் லாகின், வெரிஃபை என்று வந்தால் விடவே கூடாது. இதை மட்டும் நன்றாகப் பழகினாலே போதும் என்பேன்.

நான் நிதானமாக வேலை செய்கிற ஆள். நிரலைத் தொடும் முன் சில பெயர்களைத் தாளில் கையால் பிரித்துப் பார்ப்பேன். நேரம் போகும், ஆனால் விதி எங்கே உடைகிறது என்பது அப்போதே தெரியும்.

வரிசை இதுதான்:
- ப்யூனிகோடை (ஆங்கிலமல்லாத எழுத்துகளை டொமைனில் ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் முறை) அவிழ்
- யூனிகோடின் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) 39ஆம் தொழில்நுட்பத் தரநிலைப்படி ஒத்த தோற்ற எழுத்துகளை ஒன்றாக்கு
- சொற்களாகப் பிரி
- அப்புறம்தான் தூரம்

முதல் இரண்டையும் விட்டுவிடக் கூடாது. 2017இல் ஆப்பிள் பெயரை முழுக்க சிரிலிக் (ரஷ்ய மொழி எழுதப்படும் எழுத்துமுறை) எழுத்துகளாலேயே எழுதிக் காட்டினார்கள். எழுத்துமுறைக் கலப்பை மட்டும் பார்க்கும் சோதனையில் அது சிக்காது.

ஆங்கில அகராதியோடு நிற்காதீர்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அமேசோன் என்பது, கடைசியில் ஓர் 'e' கூடுதலாக வரும், சாதாரணச் சொல். அந்த நாட்டு டொமைன்களுக்கு அந்த மொழிப் பட்டியல் வேண்டும். ஆனாலும் அந்தப் பெயரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அழிக்காதீர்கள், மதிப்பை மட்டும் குறையுங்கள். அகராதிச் சொல்லையே மோசடிக்காரரும் பதிவு செய்யலாம்.

ஆரஞ்ச் என்ற பிரெஞ்சுத் தொலைபேசி நிறுவனம் போல அகராதிச் சொல்லே பிராண்டாக இருந்தால் பிரிப்பு மட்டும் உதவாது. பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். ஜூஸ் என்றால் விட்டுவிடலாம். பிரெஞ்சில் பில்லைக் குறிக்கும் ஃபக்தூர் வந்தால், அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு வைத்த வலையாக இருக்கலாம், சந்தேகப் பட்டியலின் மேலே ஏற்றுங்கள்.