ஐஸ் பெட்டிக் கண்ணாடி

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை டீக்கடைச் சுவரில் மலையாள நடிகர் இன்னசென்ட் படம். போட்டோ வெளிறிப் போச்சு, மாலை மட்டும் இன்னைக்குப் புதுசு.

மார்ச் 26.

2023-ல் இதே நாள் ராத்திரி கொச்சியில் போனார். வயசு 75. மறுநாள் அஞ்சலிக்கு உடலை வச்சது கொச்சி கடவந்திரா உள்ளரங்கத்துல, அப்புறம் அவர் ஊரான இரிஞ்ஞாலக்குடா டவுன் ஹால்ல. 28-ம் தேதி புனித தோமையார் கதீட்ரலில் அடக்கம்.

இப்படிக் கூட்டம் வரும் இடத்தில் முதலில் பாடு படுத்துறது ஐஸ் பெட்டிதான். மார்ச் புழுக்கம், ஆயிரம் பேர் மூச்சு. குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிஞ்சு முகமே மறைஞ்சிடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க ஒரு ஆள் வேணும். ஈரத்துணி வச்சா கோடு விழும்.

அடுத்தது மலர்வளையம். வர்றவங்க எல்லாம் பெட்டியை ஒட்டியே சாத்துவாங்க. கம்ப்ரசர் பக்கத்து ஜன்னல் அடைபட்டா சூடேறி மோட்டார் நின்னுடும். ஒரு முழம் இடைவெளி விட்டு, பத்துப் பத்தா அப்புறப்படுத்தணும். ஜெனரேட்டர் தனியா நிக்கணும்.

வரிசைக் கணக்கு லேசு: ஆளுக்கு 5 விநாடின்னா மணிக்கு 720 பேர். ஒவ்வொருத்தரும் செல்ஃபிக்கு இன்னொரு 5 விநாடி நின்னா அது பாதியாகும். பெரிய நடிகர் வந்தா வரிசையே கிடையாது! அதனால விஐபிக்குத் தனி வாசல் விடுறதுதான் புத்தி.

கல்லறையில் வேற வேகம். பெட்டி இறங்கினதும் சொந்தக்காரங்க ஆளுக்கொரு கை குந்திரிக்கம், அதாவது சாம்பிராணி மாதிரி வாசனைப் பிசின், போடுவாங்க. அங்கே யாரையும் அவசரப்படுத்த முடியாது.