வன்னி வெக்கையில் நாலு நாட்டுப் பை

பரந்தனோ புதுக்குடியிருப்போ, எந்தத் தேத்தண்ணிக் கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் பற்றீஸ் இருக்கும். அரைவட்டமாக மடித்து, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்தி, உள்ளே கிழங்கும் ரின்மீனும் வைத்துப் பொரித்தது. அதைத் தின்று வளர்ந்தவர்களுக்கு வெளிநாட்டுப் பைகள் அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை. மா உறைக்குள் உப்பும் உறைப்புமாக உள்ளுடன் வைத்து மூடி வேகவைத்தால் அது பை. எந்த நாட்டிலும் சிக்கல் ஒன்றுதான்: உள்ளே இருக்கும் ஈரம் உறையை ஊறவைக்கக் கூடாது. வன்னியில் இன்னொன்றும் சேர்கிறது, வெக்கை.

பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். சித்திரை மத்தியானம் எங்கள் குசினியே அந்தச் சூட்டில்தான் இருக்கும். சாதாரணப் பேஸ்ரி மாவில் பட்டர் சிறு துணிக்கைகளாகக் கட்டியாகவே இருந்து, போறணைச் சூட்டில் உருகி, தான் இருந்த இடத்தை வெற்றிடமாக விடவேண்டும். அந்த வெற்றிடம்தான் பொருபொருப்பு. கோப்பையிலேயே உருகினால் மா எண்ணெய் குடித்து, வெந்ததும் ஓடு மாதிரி இறுகும். தட்டில் எண்ணெய் வடிந்து நிற்கும். தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம், 24 பாகையிலேயே உருகும். பேஸ்ரிக்கென்று விற்கும் மாஜரீன் வெயிலைத் தாங்கும். ஆனால் வாய்ச்சூட்டிலும் முழுதாக உருகாததால் அண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். ஆகவே விடிய ஐந்து மணிக்கு முதல் மாவைக் குழைத்து முடிக்கவேண்டும், இல்லையென்றால் குளிரே கேட்காத மாவாகத் தேடவேண்டும்.

அப்படி ஒரு மா இங்கிலாந்திலேயே இருக்கிறது. மெல்ரன் மோப்ரே என்ற ஊரின் பன்றி இறைச்சிப் பை கொதிநீரில் குழைத்த மாவில் செய்வது. அச்சுத் தட்டு இல்லாமல் தானாக நிற்கும். வேகும்போது பக்கங்கள் சற்றுப் பிதுங்கி வரும். கொதிநீர் பட்டதும் மாவின் ஒரு பகுதி அப்போதே வெந்துவிடுகிறது, உருகிய கொழுப்பு மிச்ச மாவைப் பூசிவிடுகிறது. அதனால் ரொட்டி மாவில் வரும் இழுவை இதில் வராது. இடியப்பத்துக்கு மா குழைக்கத் தெரிந்த கைக்கு இது பழகிய வேலை.

500 கிராம் கோதுமை மாவில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கலந்து நடுவில் குழி செய்யுங்கள். 200 மில்லிலீற்றர் தண்ணீர், 100 கிராம் மாஜரீன், 50 கிராம் நெய் மூன்றையும் ஒன்றாகக் கொதிக்கவைத்து, கொதி அடங்க முதல் மாவில் ஊற்றி அகப்பைக் காம்பால் கிண்டுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் இரண்டு நிமிடம் குழைத்து, ஈரத்துணியால் மூடி 15 நிமிடம் விடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு அடிக்கும் சுவருக்கும், ஒரு பங்கு மூடிக்கு. 18 சென்ரிமீற்றர் தட்டுக்கு இந்த அளவு போதும். சுவர் அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் இருக்கட்டும்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். மா ஆறிவிட்டால் விளிம்பில் வெடிக்கும். மிகச் சூடாக இருந்தால் சுவர் நிற்காமல் சரியும். குளிர்நாட்டில் மா ஆற முதல் செய்து முடிக்கப் பறக்கவேண்டும். இங்கே மா அரை மணி நேரம் இளஞ்சூட்டிலேயே கிடக்கும். வெயில் எங்கள் பக்கம் நிற்கும் ஒரே பேஸ்ரி இதுதான்.

மாவை எடுக்கும்போது பேணியைப் பாருங்கள். எங்கள் வீடுகளில் பாதிப் பேணியில் இருப்பது இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அவித்து அரித்த கோதுமை மா. அதில் ஒட்டும் தன்மை செத்துவிட்டது. சுவர் கட்டினால் பொலபொலவென்று உதிரும். பைக்குப் பச்சை மாதான்.

மெல்ரன் மோப்ரேயில் இறைச்சியைப் பச்சையாக வைத்து வேகவைப்பார்கள். அது சுருங்கிவிட்டுப் போகும் இடைவெளியில், எலும்பு அவித்த சாற்றை மூடித் துளையால் ஊற்றி உறையவிடுவார்கள். அந்த உறைசாறு ஏறத்தாழ 30 பாகையில் இளகும். கிளிநொச்சி மேசையில் அது வெறும் ரசம், அடி ஊறிவிடும். ஆகவே அந்தப் பகுதியை விட்டுவிடலாம். 700 கிராம் எலும்பில்லாத ஆட்டிறைச்சியைச் சிறு துண்டாக வெட்டி, குழம்பு இல்லாமல் பிரட்டலாக இறக்குங்கள். சுருங்க வேண்டியது சட்டிக்குள்ளேயே சுருங்கிவிடும், பைக்குள் இடைவெளி வராது. தேங்காய்ப்பால் சேர்த்தால் எண்ணெய் பிரிந்து தெரியும்வரை வற்றவிடுங்கள், பிரிந்த எண்ணெயை வடித்துவிடுங்கள்.

உள்ளுடன் முழுதாக ஆறவேண்டும். சூடாக வைத்தால் அதன் ஆவி மூடியில் பட்டு, தண்ணீராகி அடிக்கு இறங்கும். அகலத் தட்டில் பரப்பினால் கெதியாக ஆறும். 32 பாகைக்கு மேல் போன நாளில் சமைத்த இறைச்சியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மூடியின் விளிம்பில் முட்டை பூசி ஒட்டி, நடுவில் சுண்டுவிரல் அளவு துளை விடுங்கள். 200 பாகையில் 20 நிமிடம், பிறகு 170 பாகையில் 45 நிமிடம். மின்சார அவண் என்றால் வெறும் தட்டொன்றை உள்ளே முதலே சூடாக்கி அதன்மேல் பைத் தட்டை வையுங்கள். அடிக்குச் சூடு உடனே ஏறும். விறகுப் போறணையில் இந்தத் தொல்லை இல்லை, செங்கல் தளமே அடியைப் பிடித்துவிடும். பாண் இறக்கியபின் சூடு தணிந்து வரும் நேரம்தான் பைக்கு நேரம். தளத்தில் ஒரு சிட்டிகை மா தூவிப் பாருங்கள்: உடனே கருகினால் இன்னும் பொறுக்கவேண்டும், மெல்லப் பழுப்பானால் வைக்கலாம்.

இதே இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை கோர்ன்வோல். அங்கத்தைய பாஸ்ரி எங்கள் கொழுக்கட்டையின் தங்கை. ‘கோர்னிஷ் பாஸ்ரி’ என்ற பெயருக்கு 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. மாட்டிறைச்சி குறைந்தது 12.5 வீதம், மரக்கறி குறைந்தது 25 வீதம் இருக்கவேண்டும்; மடிப்பு பக்கவாட்டில் வரவேண்டும்; எல்லாம் பச்சையாகவே உள்ளே போகவேண்டும். உள்ளே உருளைக்கிழங்கு, வெங்காயம், சுவீட் என்ற மஞ்சள் நிறக் கிழங்கு, உப்பு, மிளகு. கரட் போட்டால் கோர்ன்வோல்காரர் அதைப் பாஸ்ரி என்றே ஏற்கமாட்டார். சுவீட் நோக்கோலுக்கு உறவு என்பதால் இங்கே நோக்கோல் நன்றாகப் பொருந்தும். மாடு சாப்பிடாத வீட்டில் ஆட்டின் தொடை. எல்லாவற்றையும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல் வெட்டவேண்டும், இல்லையென்றால் மா சிவந்த பிறகும் கிழங்கு கடுக்கென்று இருக்கும். உப்பை மடிக்கும் கணத்தில்தான் தூவுங்கள். முதலே கலந்தால் வெங்காயமும் நோக்கோலும் தண்ணீர் விட்டு மாவை ஊறவைக்கும்.

மடிப்புக்குப் பல்லுக்கொழுக்கட்டை பிடிக்கும் விரலே போதும். ஓரத்தை வலது பெருவிரலால் உள்பக்கம் மடித்து, சுட்டுவிரலால் அமத்தி, அந்த மடிப்பின் நுனியிலிருந்து அடுத்ததைத் தொடங்குங்கள். ஒன்றின்மேல் ஒன்று கால்வாசி ஏறி நிற்கவேண்டும். தனித்தனியாக நின்றால் ஆவி அங்கேதான் வெடிக்கும்.

அவுஸ்திரேலிய இறைச்சிப் பை வேறு குணம். அந்த நாட்டு உணவுச் சட்டப்படி, இறைச்சிப் பை என்று விற்றால் கிலோவுக்கு 250 கிராமுக்குக் குறையாமல் இறைச்சி இருக்கவேண்டும். அடிக்குக் கெட்டியான மா, மூடிக்கு அடுக்குப் பேஸ்ரி. அடுக்குப் பேஸ்ரியை அடியில் வைத்தால் குழம்பின் பாரத்தில் பொங்காமல் களியாகும். உயிர் அதன் குழம்பில்தான். 250 மில்லிலீற்றர் குழம்புக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சோளமா கரைத்து ஊற்றி, அகப்பையால் கோடு இழுத்தால் கோடு நிற்கும் பதத்தில் இறக்குங்கள். தேசிக்காய்ப்புளி விடுவதென்றால் அடுப்பை விட்டு இறக்கியபின். புளியோடு கொதித்தால் சோளமாவின் கட்டி இளகிவிடும். சூரை மீனிலும் இதைச் செய்யலாம், ஆனால் எனக்கு இது கோழியில்தான் பிடிக்கும்.

வன்னியில் எந்தக் கொத்துரொட்டிக் கடையாலும் நாளைக்கே செய்யக்கூடியது பொஸ்னியாவின் புரேக். அங்கே இறைச்சி வைத்ததை மட்டும்தான் புரேக் என்பார்கள்; பாற்கட்டி வைத்தால் சிர்னிசா, கீரை வைத்தால் செல்யானிசா. மா அப்படியே வீச்சு ரொட்டி மா: 500 கிராம் மா, ஒரு தேக்கரண்டி உப்பு, 300 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர். நாலு உருண்டையாக்கி, எண்ணெய் பூசி ஒரு மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டால் இழுக்கும்போது திரும்பச் சுருங்கும், கிழியும். மேசையில் துணி விரித்து, கீழே உள்ள துணியின் பூ தெரியும் வரைக்கும் புறங்கையால் இழுங்கள். தடித்த ஓரத்தை வெட்டி எறியுங்கள், அது வேகாது. 500 கிராம் அரைத்த இறைச்சியில் பொடியாக வெட்டிய இரண்டு வெங்காயம், உப்பு, தாராளமாக மிளகு கலந்து, பச்சையாகவே ஓரத்தில் கயிறு போலத் தூவிச் சுருட்டி, எண்ணெய் பூசிய தட்டில் நத்தை மாதிரி வளையுங்கள். மேலேயும் எண்ணெய் பூசி 210 பாகையில் 40 நிமிடம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இழுத்த மா இரண்டு நிமிடத்தில் காய்ந்து நொறுங்கும். ஓர் உருண்டையை முடித்துவிட்டு அடுத்ததை இழுங்கள். அவண் இல்லாத வீட்டில் பொஸ்னியர் வழியைப் பிடிக்கலாம்: இரும்பு மூடியால் மூடி மேலேயும் தணல் போடுவது. சிரட்டைத் தணல் நன்றாக நின்று பிடிக்கும்.

பின்லாந்தின் கரேலியப் பைக்குள் இருப்பது சோறு. பாலில் குழைய வேகவைத்த அரிசி, றை என்ற தானிய மாவில் மெல்லிய உறை, மூடி கிடையாது. ஓரத்தை மட்டும் உள்ளே சுருக்கித் தோணி போலச் செய்வார்கள். றை மாவுக்குப் பதில் குரக்கன் மா போடலாம். குரக்கனில் ஒட்டுச் சத்து இல்லை, அதனால் பாதிக்குப் பாதி கோதுமை மா சேருங்கள். 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 160 கிராம் அளவில் கலந்த மா, அரைத் தேக்கரண்டி உப்பு. வட்டம் 15 சென்ரிமீற்றர், கடதாசி போல மெல்லிசு. தடித்தால் தோல் செருப்பு. சோறு அகப்பையில் ஒட்டி நிற்கும் கெட்டியில் இருக்கவேண்டும், தளர்ந்தால் கொதித்து வெளியே வழியும். அவணை எவ்வளவு கூட்டமுடியுமோ அவ்வளவு, 250 பாகைக்குக் குறையாமல், 12 முதல் 15 நிமிடம். இறக்கியவுடன் உருகிய பட்டரும் சூடான பாலும் கலந்து பூசி, துணியால் மூடி வையுங்கள். காய்ந்த ஓரம் மெத்தென்று வரும். பின்லாந்தில் அவித்த முட்டையைப் பட்டரோடு மசித்து மேலே வைப்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் முட்டையை விட்டுவிட்டு, செத்தல் மிளகாய்ச் சம்பலோடு சாப்பிடுங்கள்.