பலகையில் இரண்டு பெயர்

நவம்பர் 12, 2024, செவ்வாய்

நவம்பர் வந்துவிட்டால் எங்கள் கடையில் மஞ்சள் மையும் மெஜந்தாவும்தான் முதலில் தீரும். கன்னட ராஜ்யோத்சவம், அதாவது கர்நாடகம் உருவான நாள், காலண்டரில் ஒரே நாள், முதல் தேதி. ஆனால் பெங்களூரில் மாதம் முழுக்க ஒவ்வொரு தெருவும் தன் வசதிக்கு ஒரு ஞாயிறு பார்த்து மஞ்சள் சிவப்புக் கொடி ஏற்றும். ஃப்ளெக்ஸுக்குத் தடை என்பதால் துணியில் அடிக்கிறோம். இரண்டு வாரமாக வீட்டில் சாப்பிட்ட கையிலும் மை வாசனை.

இந்த நெரிசலில் சுபேதார் ஐயா வந்தார். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்காரர். சுற்றுவட்டாரத்தில் அந்த ஊருக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். இவர் அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் ஓய்வு பெற்றவர். அந்தப் படைப்பிரிவின் சிப்பாய்களுக்குச் செல்லப் பெயரே 'தம்பி'. அந்தப் பழக்கமோ என்னவோ, ஐம்பத்திரண்டு வயதான என்னையும் தம்பி என்கிறார்.

கேட்டது சின்ன வேலை. 3க்கு 4 அடி சன் போர்டு, ஒன்றே ஒன்று. 2008 மும்பைத் தாக்குதலில் உயிர் விட்ட மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனின் நினைவு நாள், 28ஆம் தேதி. அன்று காலை அவர் பெயரிலுள்ள ரோட்டில் பத்துப் பேர் நின்று மாலை போடப் போகிறார்களாம்.

"அந்த ரோடு எங்க சார் இருக்கு?" என்றான் டிசைன் பையன்.

கடையே அந்த ரோட்டில்தான் இருக்கிறது. அவனையும் குறை சொல்ல முடியாது. ஆட்டோக்காரர், கூரியர் பையன், நான், எல்லோருக்கும் இது மதர் டெய்ரி ரோடு. ஜி.எஸ்.டி. பில்லில் மட்டும் மேஜர் பெயர் இருக்கும்.

நவம்பர் 15, வெள்ளி

இன்று மானம் போயிற்று.

பையன் நெட்டில் தேடி நல்ல படமாக ஒன்று எடுத்துப் போட்டு, என்னிடம் காட்டாமலே பிரிண்ட் கொடுத்து, லேமினேஷனும் முடித்து வைத்திருந்தான். சுபேதார் ஐயா வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது யாரு?"

மேஜர்தானே ஐயா என்றேன்.

"இது சினிமாக்காரர்."

2022இல் மேஜரைப் பற்றி ஒரு படம் வந்தது. அதில் நடித்தவரின் முகம். தேடினால் அவர்தான் முதலில் வருகிறார், வெளிச்சம் சரியாக, ரெசல்யூஷன் சரியாக. இறந்த மனிதரின் படங்களோ பழைய கேமராவில் எடுத்தவை, பெரிதாக்கினால் உடைகின்றன. பார்த்திருக்க வேண்டியது நான்தான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்த முகம் எனக்குத் தெரியும். அப்போது வேலை பார்த்த அச்சகத்தில் அதை நானே நூற்றுக்கணக்கில் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஐயா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போர்டைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, "படம் வேணாம் தம்பி, எழுத்து போதும்" என்று சொல்லிப் போனார்.

நவம்பர் 17, ஞாயிறு

கடை லீவு. ஐயா வீட்டுக்கே போனேன், என்ன எழுதுவது என்று கேட்டு வர. காபி கொடுத்தார்கள். அவர் மனைவி ஒரு தட்டில் முறுக்கு வைத்துவிட்டு, "இவருக்கு இதே வேலை" என்று சிரித்தார்.

அப்போதுதான் இரண்டாவது பெயர் வந்தது. ஹவில்தார் கஜேந்தர் சிங்.

எனக்குத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

26/11 மும்பைத் தாக்குதலை முடிக்கப் போன என்.எஸ்.ஜி., அதாவது தேசியப் பாதுகாப்புப் படை, கமாண்டோக்களில் உயிர் விட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தாஜ் ஹோட்டலில், மேஜர். இன்னொருவர் நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தில், இந்த ஹவில்தார், டேராடூன்காரர். இரண்டும் அதே 28ஆம் தேதி. கறுப்புப் பூனை என்று நாம் சொல்லும் அந்தப் படையின் அதிரடிப் பிரிவுக்கு ஆட்கள் ராணுவத்திலிருந்துதான் போகிறார்கள், சில வருஷம் இருந்துவிட்டுத் தாய்ப்படைக்குத் திரும்பிவிடுவார்கள். மேஜர் பிகார் ரெஜிமெண்டின் 7ஆவது பட்டாலியன். கஜேந்தர் சிங் 10 பாரா, அதாவது ராணுவத்தின் சிறப்புப் படை. 2009 குடியரசு தினத்தில் இருவருக்கும் அசோக சக்ரா. போர் இல்லாத காலத்தில் தரப்படும் விருதுகளில் அதற்கு மேல் எதுவும் கிடையாது.

"நீங்க பாராவா ஐயா?" என்று கேட்டேன்.

"நான் சாப்பர். பாலம் கட்டுறவன், கண்ணிவெடி எடுக்கிறவன். நமக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ஒரே நாள்ல ரெண்டு பேரு போயிருக்காங்க, ஒருத்தருக்கு மட்டும் மாலை போட்டா எப்படி?"

வாசகம் என்ன என்றேன். உன் இஷ்டம், நீ எழுதுறவன்தானே என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எங்கள் ஊர்க் கல்தான் ஞாபகம். நான் செங்கம் பக்கம். ஏரிக்கரையிலும் கொல்லையிலும் நடுகல் சாதாரணமாகக் கிடக்கும் ஊர்கள். எடத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாய்க்கும் இடமுண்டு, கோவிவன் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். கள்வரைக் கடித்த நாய். அந்தக் கல்லெழுத்துகளில் அரசன் பேரும் ஆண்டும் வரும், யாருடைய ஆள் என்று வரும், தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்டு உயிர் விட்டான், என்று வரும். அவ்வளவுதான். மாவீரன் என்றோ சிங்கம் என்றோ யாரும் எழுதவில்லை. பதினான்கு நூற்றாண்டு கழித்தும் விஷயம் புரிகிறது.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். கன்னடத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன், 7 பிகார். தாஜ் ஹோட்டல். காயம்பட்ட தன் ஆளை வெளியே அனுப்பிவிட்டு எதிரியைத் துரத்திப் போய்ப் பட்டார்.

ஹவில்தார் கஜேந்தர் சிங், 10 பாரா. நரிமன் ஹவுஸ். எறிகுண்டுகளுக்கு நடுவே பின்வாங்காமல் சுட்டு நின்று பட்டார்.

கீழே தேதி.

நவம்பர் 19, செவ்வாய்

மாலை போடும் பத்துப் பேரில் ஒருவர் வந்தார். அவருக்கு மூன்று குறை. ஒன்று, படம் இல்லை. இரண்டு, 'மேலே வராதீங்க, நான் பார்த்துக்கிறேன்' என்ற வாசகம் இல்லை. மேஜர் கடைசியாகத் தன் ஆட்களிடம் சொன்னதாக எல்லாப் பத்திரிகையிலும் வந்த வரி அது. மூன்று, "அந்த ரெண்டாவது ஆள் நம்ம ஊர்க்காரர் இல்லையே, எதுக்கு?"

மூன்றாவதுக்கு நான் பதில் சொல்லவில்லை. மேஜரே பிறந்தது கோழிக்கோட்டில் என்று சொல்லியிருக்கலாம். வளர்ந்ததும் படித்ததும் பெங்களூரில் என்பதால் நம்மவர் ஆகிவிட்டார்.

இரண்டாவதை ஐயாவிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னது: "அந்த வரி எல்லாருக்கும் தெரியும் தம்பி. அடிபட்டவனை முதல்ல கீழ அனுப்பினாரே, அது யாருக்காவது தெரியுதா? அனுப்பாம இருந்திருந்தா அந்தப் பையன் பொழைச்சிருப்பானா?"

வரியைச் சேர்க்கவில்லை. எனக்கும் அந்த வரி பிடிக்கும் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

கடை மூடும் நேரத்தில் அதே ஆள் மறுபடி வந்து, ஓரத்தில் ஒரு உள்ளூர்ப் பிரமுகர் படம் வைக்க இடம் இருக்குமா, சின்னதாக, என்றார். ஸ்டாம்ப் சைஸில் ஆரம்பிக்கும் இந்தப் பேச்சு கடைசியில் எங்கே போய் முடியும் என்று இருபது வருஷமாகப் பார்த்தவன் நான். மெஷின் ரிப்பேர் என்று பொய் சொன்னேன்.

நவம்பர் 21, வியாழன்

எழுத்து அளவில் ஒரு நாள் போயிற்று.

அகலத்துக்குச் சரியாகப் பொருத்தினால் மேஜரின் பெயர் நீளம், அதனால் எழுத்து சின்னதாகிறது. கஜேந்தர் சிங் குட்டையான பெயர், பெரிதாகிறது. ஹவில்தார் பெரிசு, மேஜர் சிறிசு என்று நின்றால் அந்தப் பத்துப் பேரில் யாராவது சண்டைக்கு வருவார்கள். ஒரே அளவில் வைத்தால் கீழ் வரி பாதியில் நின்று வலது பக்கம் காலியாகத் தெரிகிறது. போதாததற்கு, கன்னடத்தில் உன்னிகிருஷ்ணன் என்று எழுதினால் 'ன்னி'க்கும் 'ஷ்ண'வுக்கும் கீழே வால் தொங்கும், அது அடுத்த வரியின் தலையில் இடிக்கும். கஜேந்தர் சிங் பெயரில் வாலே இல்லை.

பையன் நாலு மாதிரி போட்டான். கடைசியில் ஒரே அளவு. வலது பக்கம் காலியாக இருந்தால் இருக்கட்டும்.

கறுப்புப் பின்னணி, கீழே ஒரு விரல் அகலத்துக்கு மெரூன் பட்டை. பாராக்காரர்களின் தொப்பி நிறம், ஐயா கேட்டது. பிரிண்டில் அப்பட்டமான சிவப்பாக வந்தது. "இது மெரூன் இல்ல தம்பி, ராஜ்யோத்சவம்" என்றார். மாதம் பூரா சிவப்பு மஞ்சளுக்கு ஏற்ற மாதிரி வைத்திருந்த கலர் செட்டிங். கறுப்பை ஏற்றி, மஞ்சளை இறக்கி, ஆறு துண்டு டெஸ்ட் பிரிண்ட் எடுத்தபிறகு தலையாட்டினார்.

நவம்பர் 24, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

2008இல் எலகங்கா பழைய டவுனில் ஒரு அச்சகத்தில் இருந்தேன். முதலாளி அறையில் ஒரு சின்ன டிவி. புதன் ராத்திரி ஆரம்பித்தது. பத்துப் பேர் கடல் வழியாக வந்து, மூன்று நாளில் 166 உயிர். வியாழன் விடிகாலையில்தான் டெல்லியிலிருந்து கமாண்டோக்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். நாங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை, நரிமன் ஹவுஸ் மேலே ஹெலிகாப்டர். கயிற்றில் ஒவ்வொருவராகக் கீழே மொட்டை மாடிக்கு வழுக்கி இறங்குகிறார்கள். கறுப்பு உடை. முகம் தெரியவில்லை. முதலாளி விசிலடித்தார். நானும் கை தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். தட்டாமல் இருந்திருக்க மாட்டேன்.

அப்படி இறங்கியவர்களில் ஒருவர்தான் கஜேந்தர் சிங்.

பெயர் தெரியாது என்று போன ஞாயிறு வெட்கப்பட்டேனே, அந்த ஆளை நான் நேரலையில் பார்த்திருக்கிறேன். உயிரோடு. கையில் டீ கிளாஸ் வைத்துக்கொண்டு. தாஜில் மேஜர் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார், அது எங்களுக்கு அப்போது தெரியாது.

நாங்கள் பார்த்ததைப் பாகிஸ்தானில் உட்கார்ந்து போனில் உத்தரவு கொடுத்தவர்களும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவர்களுக்கு அதில் தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்ட கசாபின் வழக்குத் தீர்ப்பில் 2012இல் உச்ச நீதிமன்றம் அந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. சேனலைத் திட்டிவிட்டுப் போகலாம். சேனலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தது நாங்கள்.

சனிக்கிழமை மேஜரின் இறுதி ஊர்வலம், ஆயிரக்கணக்கில் கூட்டம். நான் போகவில்லை. அச்சகத்தில் அவர் படத்தை ஏ4 தாளில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கஜேந்தர் சிங் படம் கேட்டு யாரும் வரவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

போர்டு ரெடி. நாலு மூலையிலும் ஓட்டை போட்டு ஐலெட் அடித்தாயிற்று. ஐயா பணம் கொடுத்தார், வாங்கவில்லை. "அப்ப எனக்கு வேணாம், நீயே வெச்சுக்க" என்று எழுந்துவிட்டார். வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 28, வியாழன்

காலை ஆறரை. நல்ல குளிர். பத்துப் பேர் என்றார், ஏழு பேர் வந்தார்கள். அந்த மூன்று குறைக்காரரும் வந்தார், பிரமுகர் இல்லாமல்.

சாலைப் பெயர்ப்பலகைக் கம்பியில் போர்டைக் கட்டினோம். இரண்டு மாலை, சாமந்தி. பூக்காரம்மா ஒன்று சிறியதாகக் கொடுத்துவிட்டார். ஐயா அதை அவிழ்த்து, தொங்கும் நூலில் உதிரிப் பூவைக் கோத்து நீளமாக்கினார். விரல் லேசாக நடுங்கியது. யாரும் உதவப் போகவில்லை.

பேச்சு எதுவும் இல்லை. ஐயா பழைய மெடல்களைக் கோட்டில் குத்தியிருந்தார், நிமிர்ந்து சல்யூட் வைத்தார். பக்கத்தில் பி.எம்.டி.சி. பஸ் ஒன்று வந்து நின்று, எங்களைத் தாண்டிப் போக வழியில்லாமல் ஹாரன் அடித்தது. ஐயா கையை இறக்கவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் போர்டைப் படித்தார். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டார். எத்தனை வினாடி என்று எண்ணவில்லை. உள்ளே ஸ்கூல் பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இட்லி சாப்பிடப் போனோம்.

நவம்பர் 30, சனி

போர்டு கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. அடுத்த வருஷத்துக்கு ஆகும், வைத்திரு என்றார் ஐயா. சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன், இந்த முறை முகம் இந்தப் பக்கம்.

மதியம் பிறந்தநாள் பேனருக்கு விலை கேட்டு ஒருவர் வந்தார். பையன் கணக்குப் போடுவதற்குள் போர்டைப் படித்துவிட்டு, "மேஜர் தெரியும். அந்த இன்னொருத்தர் யாருங்க?" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். பையன் ஒரு டீ சொல்லப் போனான். பேச்சு சுவாரசியத்தில் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைத்துச் சொல்லியிருக்கிறேன், அவர் போனபிறகுதான் தெரிந்தது.